சகலையின் சம்பளம்

எட்டு வருஷமாக அந்த வீட்டில் "மாப்பிள்ளை வந்துட்டார்" என்றால் அது ஆம்புலன்ஸ் டிரைவரைத்தான் குறிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே மாமனார் டி.வி.யின் வாயை அடைத்துவிடுவார். கை கழுவி உட்கார்ந்ததும், "சொல்லுங்க மாப்ள, இந்த வாரம் என்ன ஆச்சு?" என்பார். டிரைவர் சொல்லுவார். லிஃப்டுக்குள் பிரசவமான கதை, ரயில்வே கேட் சாத்திக் கிடக்க ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிய கதை, குளியலறையில் வழுக்கி விழுந்த நூற்றிருபது கிலோ வக்கீலை மூன்று மாடி இறக்கிய கதை. மாமியார் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார். சாதம் ஆறிப்போகும்.

மூன்று வருஷத்துக்கு முன் மச்சினி ஒரு கால்பந்து ஆட்டக்காரனைக் கட்டிக்கொண்டாள். கோல்கீப்பர். அப்போது அவன் பெரிய ஆளில்லை. டிரைவருக்கு அவன்மேல் ஒரு பாசம்கூட இருந்தது. கல்யாணத்தன்று டை கட்டத் தெரியாமல் கண்ணாடி முன்னால் விழித்துக்கொண்டு நின்றவனுக்கு முடிச்சுப் போட்டுவிட்டவரே அவர்தான். அப்புறம் அவன் அணியின் முதல் கீப்பரானான். ஒரே சீசனில் ஊர் வாயில் அவன் பேச்சாகிப் போனது. ரசிகர்கள் அவனுக்குச் "சுவரு" என்று பேர் வைத்தார்கள். சட்டையில், பைக்கில், ஆட்டோ முதுகில் எல்லாம் சுவரு.

மாமனார் வீட்டில் அவன் பெயர் சின்ன மாப்பிள்ளை. அந்தச் சின்னதுக்குத்தான் இப்போது மரியாதை பெரிது.

புது ஒப்பந்தச் செய்தி பேப்பரில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு டிரைவர் செருப்பைக் கழற்றினார், டி.வி. வாயை மூடவில்லை. உள்ளே போனால், கூடத்தின் நட்ட நடுவில் கரும் தோல் போட்ட ஒரு மசாஜ் நாற்காலி உட்கார்ந்திருந்தது. அதற்குள் மாமனார் உட்கார்ந்திருந்தார். நாற்காலி அவரைப் பிசைந்துகொண்டிருந்தது.

"வா…ங்…க மாப்…ள," என்றார் மாமனார், குலுங்கிக்கொண்டே. "சின்…னவர் அனுப்…பிச்சார்."

மடியில் பேப்பர் விரிந்திருந்தது. அதிலிருந்த தொகையை டிரைவர் காலையிலேயே டீக்கடையில் படித்துவிட்டார். படித்ததோடு நிற்காமல், பேப்பரின் ஓரத்திலேயே வகுத்தும் பார்த்திருந்தார். அவன் ஒரு வருஷத்தில் வாங்குவதை அவர் சம்பாதிக்க வேண்டுமானால் முந்நூற்றுப் பத்து வயது வரைக்கும் ஆம்புலன்ஸ் ஓட்ட வேண்டும். ரிட்டையர்மெண்டைத் தள்ளிப் போட்டாலும் நடக்கிற காரியம் இல்லை.

"இவ்வளவு குடுக்கறாங்களே, எதுக்கு மாமா?" சோற்றில் கை வைத்தபடி, ஏதோ பொது விஷயம் போலத்தான் கேட்டார். "பந்து உள்ள போகாமப் பார்த்துக்கறதுக்கா? போனாத்தான் என்ன, யாரு சாகப் போறா?"

மாமனார் நாற்காலியை நிறுத்தினார். "அப்படி இல்ல மாப்ள. அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறான். அந்தக் காசு யாருக்காவது போகணும்ல? உங்க வண்டியைப் பார்க்க எவனாவது டிக்கெட் வாங்குவானா?"

"எங்க வண்டியைப் பார்க்கவே கூடாதுன்னுதான் மாமா எல்லாரும் சாமி கும்பிடறாங்க."

மாமியார் வாய்க்குள் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. "விளையாட்டு ஆயுசு கொஞ்சம் மாப்ள. முப்பத்தஞ்சு வயசுல வீட்டுக்கு அனுப்பிடுவான்."

"எனக்கும் இடுப்பு முப்பத்தஞ்சுலயே போயிடுச்சு. எனக்கு யாரும் சேர்த்துக் குடுக்கலையே?"

"இடுப்பு வலியா? அப்ப இதுல கொஞ்சம் உக்காருங்க!" என்று மாமனார் உற்சாகமாக எழுந்து இடம் விட்டார். மறுக்க வழியில்லை. டிரைவர் போய் உட்கார்ந்தார். சகலையின் காசு அவர் முதுகைப் பத்து நிமிஷம் பிசைந்தது. சுகமாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு ஆறவே இல்லை. அந்த வாரக் கதையை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "ஏங்க, உங்களுக்கு வயிறு எரியுது."

"எனக்கா? நியாயத்தைச் சொன்னேன்."

"நியாயத்தைச் சொல்றவரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பார்க்க மாட்டாரு. பேப்பரைச் சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்தீங்க. காலையில சட்டையைத் துவைக்கப் போடறப்பப் பார்த்தேன்."

சகலை கெட்டவனாக இருந்திருந்தால் டிரைவருக்குப் பாதிச் சுமை குறைந்திருக்கும். திமிர் பிடித்தவனாக, குடிப்பவனாக, மச்சினியை அழவைப்பவனாக இருந்தால் நிம்மதியாக வெறுக்கலாம். அவனோ பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று "வாங்கண்ணே" என்பான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். பேசுவதே குறைவு. ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று டிரைவர் மூன்று வருஷமாகத் தேடுகிறார். சாப்பிடும்போது சப்புக்கொட்டுவான் என்பதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த மாதம் டூட்டிப் பட்டியல் ஒட்டினார்கள். பெரிய ஆட்டங்களுக்கு மைதானத்தில் இரண்டு ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த சீசனின் கடைசி ஆட்டம், கோப்பை யாருக்கு என்று தீர்மானிக்கிற ஆட்டம், சனிக்கிழமை மதியம். வடக்குப் பக்க வண்டிக்கு நேராக டிரைவரின் பேர் இருந்தது. கூட வருவது சிஸ்டர். ஐம்பது வயதுக்காரர், பதினெட்டு வருஷமாக வண்டியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர், பட்டென்று பேசுகிறவர்.

"அதிர்ஷ்டம் டிரைவர் சார்! ஓசியில சுவரைப் பக்கத்துல நின்னு பார்க்கலாம்," என்றார் சிஸ்டர்.

சுவரு தன் சகலை என்று வேலையிடத்தில் யாருக்கும் டிரைவர் சொன்னதில்லை. சொன்னால் அன்றோடு தன் பேர் போய் "சுவரோட சகலை" ஆகிவிடும் என்று தெரியும்.

வண்டியை வடக்கு கோலுக்குப் பின்னால், ஆட்டக்காரர்கள் வருகிற வழிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வலைக்கும் அவர்களுக்கும் நடுவில் பதினைந்து அடிகூட இருக்காது. முதல் பாதியில் அந்தக் கோலில்தான் சகலை நின்றான். டிரைவருக்கு அவன் முதுகு தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்து அறுபதாயிரம் பேர் ஒரே குரலில் கத்துவதைக் கேட்டார். இருபது வருஷத்தில் தன்னைப் பார்த்து மொத்தம் எத்தனை தடவை கை தட்டியிருப்பார்கள் என்று யோசித்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் முதலுதவி செய்து காட்டியபோது ஒரு தடவை, சாலைப் பாதுகாப்பு வாரத்தில் ஒரு தடவை. இரண்டாவது தடவை கைதட்டல் அவருக்கா, அப்போது கொண்டு வந்த டீக்கா என்று இன்னும் சந்தேகம்.

'ஒண்ணே ஒண்ணு போகட்டும்' என்று மனசு சொன்னது. 'ஒரே ஒரு பந்து. தோற்க வேண்டாம். சும்மா ஒண்ணு உள்ள போகட்டும்.'

முப்பதாவது நிமிஷத்தில் போயிற்று. தூரத்திலிருந்து அடித்த சாதாரணப் பந்து. சகலை குனிந்தான், பந்து அவன் கைக்கடியில் நழுவி வலையில் போய் விழுந்தது. மைதானமே வாயடைத்துப் போனது. டிரைவரின் நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. வாய் தானாக விரிந்தது. சகலை பந்தை எடுக்க வலைப்பக்கம் திரும்பினான். ஒரு விநாடிதான். டிரைவர் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொள்வது போலக் கையால் மறைத்தார்.

"நீங்க எந்தப் பக்கம் சார்?" என்றார் சிஸ்டர், அவரை ஒரு மாதிரி பார்த்து.

"டூட்டியில இருக்கோம் சிஸ்டர். எந்தப் பக்கமும் இல்ல."

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. சகலை தெற்குக் கோலுக்குப் போனான். அவன் அணி ஒன்று போட்டது, பிறகு இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது எதிரணிக்கு பெனால்டி கிடைத்தது. மைதானம் முழுக்க எழுந்து நின்றது. சரியாக அந்த நேரத்தில் டிரைவரின் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது: "வடக்கு கேலரி, பதினாலாவது வரிசை, ஆள் விழுந்துட்டார்!"

அதற்கப்புறம் டிரைவருக்கு ஆட்டம் இல்லை, சகலை இல்லை. ஷாக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினார். பின்னால் சிஸ்டர். பதினாலாவது வரிசையில் இரண்டு நாற்காலி வரிசைக்கு நடுவில், அறுபதைத் தாண்டிய ஒல்லியான ஒரு மனிதர், சுவரு படம் போட்ட சட்டையோடு, மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் மகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மூச்சு இல்லை. நாடி இல்லை. உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

டிரைவர் மண்டி போட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் கீழே பார்த்தார்கள். பாதிப் பேர் அவர் தலைக்கு மேலாகத் தெற்கே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வசதியாக டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டே எட்டினார். யாரோ கையிலிருந்த குளிர்பானம் சாய்ந்து அவர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது.

"தள்ளி நில்லுங்கய்யா! இங்க ஒரு உயிர் போகுது!"

சட்டையைக் கத்தரித்தார்கள். சுவரின் படம் நடுவில் இரண்டாகப் பிரிந்தது. சிஸ்டர் பட்டைகளை ஒட்டினார். "யாரும் தொடாதீங்க!" ஷாக் கொடுத்தார்கள். உடம்பு ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. மறுபடி அழுத்தினார் டிரைவர். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. கை மரத்துவிட்டது. விரலுக்கடியில் ஒரு விலா எலும்பு முறிவது தெரிந்தது. நிறுத்தவில்லை.

அப்போது மைதானம் வெடித்தது. கேலரியே நடுங்கியது. அத்தனை பேரும் குதித்தார்கள், கட்டிப் பிடித்தார்கள், அழுதார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் சிஸ்டர் விரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினார். நாடி வந்துவிட்டது.

சற்றைக்கெல்லாம் அந்த மனிதர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. டிரைவர் காதைக் கொண்டுபோனார்.

"பிடிச்… பிடிச்சிட்டானா?"

"என்ன?"

"சுவரு… பெனால்டி… பிடிச்சிட்டானா?"

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து எவனோ, "பிடிச்சிட்டான் பெருசு! ஒத்தைக் கையில!" என்று கத்தினான். கிடந்தவர் சிரித்தார். அவரை மரணத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்த ஆள் முகத்துக்கு நேரே இருக்க, அந்தச் சிரிப்பு டிரைவரின் காதோரமாகத் தாண்டி எங்கேயோ தெற்கே போனது.

கோப்பை ஜெயித்த குஷியில் வெளியே தெரு நிரம்பி வழிந்தது. பெரிய திரையில் ஆட்டம் பார்த்தவர்கள் எல்லாம் ரோட்டில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊதலுக்கும் மேளத்துக்கும் நடுவில் சைரன் எடுபடவில்லை. ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர். வண்டி எறும்பாக ஊர்ந்தது. பின்னாலிருந்து சிஸ்டர், "நாடி இறங்குது சார், சீக்கிரம்!" என்றார்.

டிரைவர் ஒலிபெருக்கி மைக்கை எடுத்து, "வழி விடுங்க, உயிருக்குப் போராடற நோயாளி," என்றார். எவனும் திரும்பவில்லை. ஒருவன் வண்டி மூக்கில் கொடியைக் கட்ட வந்தான். டிரைவர் பல்லைக் கடித்தார். பிறகு மறுபடி மைக்கை எடுத்தார்.

"உள்ள இருக்கிறவர் சுவரோட ரசிகர்! சுவரு பிடிச்ச பந்துல நெஞ்சு நின்னுபோச்சு! சுவருக்காக வழி விடுங்க!"

கூட்டம் கத்தியால் கீறினதுபோல இரண்டாகப் பிளந்தது. பையன்கள் கையைக் கோத்துக்கொண்டு இருபக்கமும் அணை கட்டினார்கள். நான்கு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அந்த வழியைப் பார்த்து டிரைவருக்கு நன்றியும் வந்தது. அதே மூச்சில் வயிறும் எரிந்தது. உயிருக்கு விடாத வழியை அவன் பேருக்கு விட்டார்களே.

மறுநாள் பேப்பரின் முதல் பக்கம் முழுக்கச் சகலை பறந்துகொண்டிருந்தான். ஆறாம் பக்க மூலையில் மூன்று வரி: மைதானத்தில் மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி அளிக்கப்பட்டது. மயங்கி விழுந்தவராம். டிரைவர் அதை நான்கு தடவை படித்தார்.

திங்கட்கிழமை வேறொரு நோயாளியை இறக்கிவிட்டு, அந்த மனிதரை வார்டில் போய்ப் பார்த்தார். அவர் ஒரு தையல்காரர் என்று மகள் சொன்னாள். டிரைவரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தையல்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அமுக்கினது? எலும்பை உடைச்சிட்டீங்களே!" என்று குறைபட்டார். அப்புறம், "போகட்டும், உக்காருங்க," என்றார்.

மனசிலிருந்த கேள்வியை டிரைவரால் அடக்க முடியவில்லை. "ஐயா, ஒண்ணு கேக்கறேன். அந்தச் சுவருக்குக் குடுக்கற சம்பளம் ஜாஸ்தின்னு உங்களுக்குத் தோணலையா?"

"ஜாஸ்திதான்!" என்றார் தையல்காரர் யோசிக்காமல். "கொள்ளை! எங்க கடையில தினம் அதே பேச்சுதான். திட்டிக்கிட்டே போய் டிக்கெட் வாங்குவோம்." பிறகு, "உங்களுக்கு எவ்வளவு தராங்க?" என்றார்.

டிரைவர் சொன்னார். தையல்காரர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ரொம்பக் கம்மி," என்றார். "ஆனா என்ன பண்றது, நீங்க அமுக்கினப்ப நான் பார்க்கலையே."

அதுதான் டிரைவரைக் குத்திவிட்டது. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது வாயிலிருந்து விழுந்தது. "அவன் என் சகலை."

தையல்காரர் தலையணையிலிருந்து எழுந்தே விட்டார். தலைமாட்டு இயந்திரம் கீச்கீச்சென்று கத்தியது. நர்ஸ் ஓடி வந்தார். "சகலையா! சொந்தச் சகலையா! ஐயா, ஒரே ஒரு கையெழுத்து… சட்டையைத்தான் நீங்க கிழிச்சிட்டீங்க, பரவாயில்ல, ஒரு காகிதத்துலயாவது…"

அன்று சாயங்காலம் டிரைவர் சகலையின் வீட்டுக்குப் போனார். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. அவர் வீட்டையே உள்ளே வைத்துப் பூட்டலாம் போன்ற வரவேற்பறை. சுவர் அளவுக்குக் கண்ணாடி. அந்தப் பக்கம் புல்வெளி. மச்சினி எங்கோ போயிருந்தாள். சகலை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐஸ் போட்டு வலது கையை மணிக்கட்டு வரை முக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் எழுந்தான்.

"வாங்கண்ணே."

டிரைவர் காகிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னார். சகலை கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினான். கையெழுத்துப் போடவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டான்:

"அண்ணே, முதல் கோல் போனப்ப உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

டிரைவருக்குக் காது இரண்டும் சுட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"பந்தை எடுக்கத் திரும்பினேன். உங்க மூஞ்சி தெரிஞ்சுது."

"ஆமா தம்பி," என்றார் டிரைவர். "சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

சகலை கோபப்படுவான் என்று காத்திருந்தார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். "எனக்கு அந்த மூஞ்சியை நல்லாத் தெரியும்ணே. ஆறு வருஷம் ரெண்டாவது கீப்பரா பெஞ்சுல உக்காந்திருந்தேன். முன்னால நின்னவரு என்னைத் தம்பி மாதிரி வச்சிருந்தாரு. ஆனா அவருக்கு கோல் விழறப்பல்லாம் உள்ளுக்குள்ள எனக்குக் கும்மாளம். அவரு காலை உடைச்சிக்கிட்ட அன்னிக்குத்தான் எனக்கு இடம் கிடைச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துட்டு அழுதேன். வெளிய வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். இப்ப என் பெஞ்சுல ஒருத்தன் இருக்கான். அவன் மூஞ்சியும் அப்படித்தான்."

சகலை கையை மறுபடி வாளிக்குள் விட்டான். வாளியில் ஐஸ் கட்டிகள் இடித்துக்கொண்டன.

"சம்பளம் ஜாஸ்திதாண்ணே," என்றான் சகலை. "எனக்கே தெரியும். ஆனா கொண்டு வந்து நீட்டறப்ப, கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது."

"எனக்கும் வராது," என்றார் டிரைவர். அது உண்மை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சகலை காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். "நாளைக்கு நானே வந்து பார்க்கறேன்ணே."

வந்தான். ஆஸ்பத்திரி தலைகீழாகிவிட்டது. டாக்டர்கள் ஆபரேஷன் தொப்பியோடு ஓடி வந்தார்கள். தையல்காரர் சகலையின் வீங்கிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு குழந்தை போல அழுதார். தன் நெஞ்சை அழுத்தியவருக்குக் கிடைத்தது உடைந்த எலும்பின் புகார். பந்தைத் தடுத்தவனுக்குக் கண்ணீர். நிலைப்படி அருகே நின்ற டிரைவரின் கையில் நர்ஸ் ஒரு போனைத் திணித்தார்: "அண்ணே, எங்க எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்களேன்."

எடுத்தார். ஒன்று அல்ல, பதினாறு எடுத்தார். நன்றாகவே எடுத்தார். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். தொண்டையில் மாத்திரை மாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சகலை இரண்டு தடவை, "அண்ணே, நீங்களும் வாங்க," என்று கூப்பிட்டான். மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குள் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது: மார்க்கெட் பக்கம், சாரத்திலிருந்து பெயிண்டர் விழுந்துவிட்டார்.

டிரைவர் போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஓடினார். சிஸ்டர் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தார்.

"சுவரு உங்க சகலையாமே! மாடி பூரா அதே பேச்சு. இத்தனை நாள் ஏன் சார் மூச்சே விடலை?"

டிரைவர் சாவியைத் திருகினார். சைரனைப் போட்டார்.

"பொறாமை சிஸ்டர்," என்றார்.

சிஸ்டர் அவரை ஒரு தடவை பார்த்தார். "சரி, இடது பக்கம் போங்க," என்றார். "மார்க்கெட் ரோட்டுல பள்ளம் தோண்டியிருக்கான்."